மரபணுத் தடுப்பு மருந்து: அங்கத்தினர்கள் அறிய வேண்டியவை

சென்ற மாதம் மயிலாப்பூரில் ஒரு நெசவாளர் கூட்டுறவு விற்பனை நிலையத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். சரக்கிருப்பைச் சரிபார்த்து முடித்த வேளையில், சேலைக்கட்டுடன் வந்திருந்த முதிய அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நீங்கள் படித்தவர், உண்மையைச் சொல்லுங்கள். கொரோனாவுக்குப் போட்ட ஊசி நம் பரம்பரையின் வித்தையே மாற்றிவிடுமாமே? பேரன் பேத்திகள் வரைக்கும் அது போகுமாமே?" என்றார். இந்தப் பேச்சைக் கேட்டு அஞ்சி, அவர் வீட்டில் ஒன்பதாம் மாதத்தில் குழந்தைக்குப் போட வேண்டிய தட்டம்மை ஊசியையும் இரண்டு மாதமாகத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்பது பேச்சின் நடுவே தெரியவந்தது.

பெரியவரின் கேள்வி நியாயமானது. தம் உடலில் செலுத்தப்படுவது யாது என்று கேட்பது எவருக்கும் உரிய உரிமை. ஆயினும், விடை கிடைக்காத கேள்வி அச்சமாக மாறி, அந்த அச்சம் ஒரு பச்சிளங்குழந்தையின் பாதுகாப்பைத் தடுத்து நிற்பது வருந்தத்தக்கது. ஆகவே இம்மாதப் பாடமாக மரபணுத் தடுப்பு மருந்து என்பது யாது, அது எவ்வாறு வேலை செய்கிறது, அதன் நன்மை யாது, குறை யாது என்பவற்றை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

பழைய முறை

தடுப்பு மருந்து சென்னைக்குப் புதியதன்று. 1796-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜென்னர் என்ற வைத்தியர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் எனக் கண்டார். அது 1802-இல் இந்தியாவை வந்தடைந்தது. நம் பாட்டனார் காலத்தில் 'அம்மை குத்துதல்' என்று கூறப்பட்டது இதுவே. கிண்டியில் 1899-ஆம் ஆண்டில் தோன்றிய கிங் நோய்த்தடுப்பு நிலையம் இம்மாகாணத்திற்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரித்து அளித்தது. அதே கிண்டியில் 1948-இல் காசநோய்க்கான பி.சி.ஜி. மருந்து தயாரிக்கும் நிலையமும் ஏற்பட்டது. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975-ஆம் ஆண்டில். 1980-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இப்பழைய மருந்துகள் யாவற்றிலும் பொதுவான ஒரு தன்மை உண்டு. வலுவிழந்த கிருமியையோ, கொன்ற கிருமியையோ, கிருமியின் ஒரு பகுதியையோ வெளியே தயாரித்து உடலுக்குள் செலுத்துவார்கள். உடலிலுள்ள காவற்படை அந்த அந்நியப் பொருளைக் கண்டு, அதை எதிர்க்கும் வகையைக் கற்றுக்கொள்ளும். பிறகு உண்மையான கிருமி வரும்போது தாமதமின்றி எதிர்த்து நிற்கும். குழந்தைகளுக்குப் போடப்படும் தட்டம்மை ஊசி இந்த வகையைச் சேர்ந்தது. அதில் இருப்பது வலுவிழந்த கிருமியே. மரபணுத் தடுப்பு மருந்துக்கும் அதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. பெரியவரிடம் நாம் முதலில் கூறியது இதுதான்.

தறியும் அட்டையும்

புதிய முறையில் கிருமியின் பகுதி வெளியே தயாரிக்கப்படுவதில்லை. அதைத் தயாரிக்கும் குறிப்பு மட்டும் உடலுக்குள் அனுப்பப்படுகிறது. இதை விளங்கிக்கொள்ள நெசவாளர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தம் தறியை நினைத்துப் பார்த்தால் போதும்.

ஜக்கார்டு தறியில் கரையும் முந்தானையும் எவ்வாறு அமைகின்றன? மூல வரைபடம் ஒன்று சங்கத்தின் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்த்து அட்டை குத்தப்படுகிறது. அட்டை தறியில் ஏறுகிறது. அட்டையிலுள்ள துளைகள் சொல்லுகிறபடி பாவு இழைகள் ஏறி இறங்க, ஊடை ஓடி, மயிலோ மாங்காயோ துணியில் தோன்றுகிறது. மூல வரைபடம் அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை. வேலை செய்வது அட்டையே.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. உயிரணுவின் உள்ளே உட்கரு என்ற அறை உண்டு. மூல வரைபடமாகிய டி.என்.ஏ. அங்கே இருக்கிறது. அதிலிருந்து வேண்டிய பகுதிக்கு மட்டும் நகல் எடுக்கப்பட்டு வெளியே அனுப்பப்படுகிறது. அந்நகலுக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அதுவே அட்டை. உட்கருவுக்கு வெளியே ரைபோசோம் என்னும் நுண்ணிய தறிகள் இருக்கின்றன. அவை அட்டையைப் படித்து, அமினோ அமிலம் என்னும் இருபது வகை நூல்களைக் கோத்துப் புரதம் என்ற துணியை நெய்கின்றன. வேலை முடிந்ததும் அட்டை சிதைந்துபோகிறது. இது நம் ஒவ்வொருவர் உடலிலும் ஒவ்வொரு நொடியும் நடக்கும் காரியம்.

கொரோனாக் கிருமியின் மேற்புறத்தில் முள் போன்று நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் ஒன்று உண்டு. அம்முள்ளைக் கொண்டே அது நம் உயிரணுவைப் பற்றுகிறது. விஞ்ஞானிகள் அந்த முட்புரதத்திற்குரிய அட்டையை மட்டும் தயாரித்து நம் தசைக்குள் அனுப்பினார்கள். நம் தறிகள் அம்முள்ளை நெய்தன. காவற்படை அந்நியமான அந்த முள்ளைக் கண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்கியது. நோயுற்ற உயிரணுக்களைத் தேடி அழிக்கும் மற்றொரு படையும் பயிற்சி பெற்றது. சில அணுக்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டன. முழுக் கிருமிக்குரிய குறிப்பு அம்மருந்தில் இல்லை. ஆதலால் மருந்தினால் கொரோனா நோய் உண்டாக வழியில்லை.

மூன்று வகைகள்

இக்குறிப்பை அனுப்பும் முறையில் மூன்று வகைகள் உண்டு.

முதலாவது, தூது ஆர்.என்.ஏ. முறை. அட்டையையே கொழுப்புத் துளியில் பொதிந்து அனுப்புவது. அது உட்கருவுக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. வெளியிலுள்ள தறியில் வேலை முடிந்து சில நாட்களில், சிலரிடம் சில வாரங்களில், சிதைந்துவிடுகிறது. வெளியிலிருந்து வந்த ஆர்.என்.ஏ.வைக் கண்டதும் உடல் பெரும் அழற்சியுடன் எதிர்ப்பது நெடுங்காலம் இடையூறாக இருந்தது. அதன் ஒரு பகுதியைச் சிறிது மாற்றி அமைத்தால் அழற்சி தணியும் என்று காத்தலின் காரிகோ என்ற அம்மையாரும் ட்ரூ வைஸ்மனும் 2005-இல் காட்டினார்கள். அதற்காக 2023-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. புனேயைச் சேர்ந்த ஜென்னோவா நிறுவனம் தயாரித்த இந்தியாவின் முதல் தூது ஆர்.என்.ஏ. மருந்துக்கு 2022 ஜூன் மாதத்தில் அவசரகால அனுமதி கிடைத்தது.

இரண்டாவது, டி.என்.ஏ. முறை. பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தை அனுப்புவது. இது பற்றி அடுத்துக் கூறுவோம்.

மூன்றாவது, பெருகும் ஆற்றல் நீக்கப்பட்ட வேறொரு கிருமியின் முதுகில் குறிப்பை ஏற்றி அனுப்புவது. கோவிஷீல்டு இந்த வகையைச் சேர்ந்தது. சிம்பன்சிக் குரங்கின் சளிக்கிருமி ஒன்று அதில் வாகனமாகப் பயன்பட்டது. 2021 ஜனவரி 12-ஆம் தேதி புனேயிலிருந்து விமானத்தில் சென்னை வந்து, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக் குளிர்கிடங்கில் வைக்கப்பட்ட 5,36,500 தவணைகள் இம்மருந்தே. ஜனவரி 16-இல் நாடெங்கும் ஊசி போடுதல் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்த மாபெரும் முகாமில் மட்டும் தமிழ்நாட்டில் 28 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். நாட்டில் போடப்பட்டவற்றில் பெரும்பகுதி கோவிஷீல்டே. ஆகவே மரபணுத் தடுப்பு மருந்து என்பது எங்கோ வெளிநாட்டில் நடக்கும் சோதனை அன்று. இதை வாசிக்கும் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கெனவே கையில் வாங்கிக்கொண்டவர்கள். கோவாக்சின் போட்டுக்கொண்டவர்கள் மட்டும் பழைய முறையில் கொன்ற கிருமியைப் பெற்றார்கள்.

வித்து மாறுமா?

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். தூது ஆர்.என்.ஏ. மூல வரைபடம் இருக்கும் அறைக்குள் போக வேண்டியதே இல்லை என்று கண்டோம். மற்ற இரு வகைகளில் டி.என்.ஏ. உட்கருவுக்குள் செல்லத்தான் செய்கிறது. இதை மறைத்துக் கூறுவது முறையன்று. ஆனால் அங்கே அது தனி ஏடாக இருந்து நகல் எடுக்கப் பயன்படுகிறதேயன்றி, மூலப் புத்தகத்தோடு சேர்த்துத் தைக்கப்படும் வகையில் அமைக்கப்படவில்லை. தற்செயலாக ஒட்டிக்கொள்ளுமோ என்று பிராணிகளிடத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவ்வாறு நேரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றே கண்டார்கள்.

மேலும் மருந்து செலுத்தப்படுவது புயத்திலோ தோலிலோ ஆகும். பயிரிடுவோர் இதை எளிதில் அறிவர். பயிரின் இலையில் தெளித்த மருந்து அந்தப் போகத்தைக் காக்கிறது. விதைநெல்லின் இனத்தை அது மாற்றிவிடுவதில்லை. சந்ததிக்குச் செல்வது கருவணுக்களின் வழியே. புயத்துத் தசையின் அணுக்கள் அவ்வழியில் செல்வதில்லை.

புரதத்தின் உருவமும் சென்னையும்

முட்புரதம் நெய்யப்பட்டால் மட்டும் போதாது. அது உரிய உருவத்தில் நிற்க வேண்டும். உருவம் கலைந்த முள்ளைப் பார்த்துப் பயின்ற காவற்படை உண்மையான முள்ளை அடையாளம் காணாது. ஆதலால் சில மருந்துகளில் அப்புரதத்தின் இரண்டு இடங்களில் புரோலின் என்ற விறைப்பான அமினோ அமிலத்தைப் புகுத்தி, உருவம் குலையாமல் நிறுத்தினார்கள்.

புரதம் எவ்வாறெல்லாம் மடங்கலாம், எவ்வாறு மடங்க இயலாது என்று கணக்கிட்டுக் காட்டியவர் நம் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன் என்பதை அங்கத்தினர்கள் அறிந்து மகிழலாம். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற்கு அருகே, கிண்டி வளாகத்தில் பணியாற்றிய அவர், தோலுக்கும் தசைநாருக்கும் வலிமை தரும் கொலாஜன் என்ற புரதம் மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து வெளியிட்டார். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடம் இன்றும் உலகெங்கும் புரத உருவங்களைச் சரிபார்க்கப் பயன்படுகிறது. தோலைப் பற்றிய ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று அன்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். அறுபது ஆண்டு கழித்து அதன் பயன் எங்கே வந்து சேர்ந்தது என்பதைப் பார்க்கிறோம்.

அகமதாபாத் மருந்தும் அதன் கணக்கும்

மனிதருக்குப் பயன்படுத்த உலகில் முதன்முதலாக அனுமதி பெற்ற டி.என்.ஏ. தடுப்பு மருந்து இந்தியாவில் தோன்றியது. அகமதாபாத்தைச் சேர்ந்த சைடஸ் காடிலா நிறுவனத்தின் 'சைகோவ்-டி' மருந்துக்கு 2021 ஆகஸ்டு 20-ஆம் தேதி, 12 வயதுக்கு மேற்பட்டோருக்கென அவசரகால அனுமதி வழங்கப்பட்டது. அதற்கு முன் 2005-ஆம் ஆண்டிலேயே குதிரைகளுக்கும் சால்மன் மீன்களுக்கும் டி.என்.ஏ. மருந்துகள் அனுமதி பெற்றிருந்தன. சைகோவ்-டி மருந்தை ஊசியின்றி, அழுத்தத்தால் தோலுக்குள் பாய்ச்சுவார்கள். 28 நாள் இடைவெளியில் மூன்று தவணை. மருந்துக்கு 265 ரூபாயும், பாய்ச்சும் கருவிக்கு 93 ரூபாயும் ஆக, வரி நீங்கலாகத் தவணைக்கு 358 ரூபாய் என மத்திய அரசாங்கம் விலை பேசி ஒரு கோடித் தவணைகளுக்கு உத்தரவிட்டது. ஒருவருக்கு மூன்று தவணைக்கும் 1,074 ரூபாய் ஆகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் அதை முதலில் வழங்குவதென 2021 இறுதியில் முடிவாயிற்று. எனினும் அதற்குள் பெரியவர்களில் மிகப் பலர் வேறு மருந்து பெற்றுவிட்டமையால் அதன் உபயோகம் பரவலாகவில்லை.

இம்மருந்தின் பயன் 66.6 சதவீதம் என்று கூறப்பட்டது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு, "நூற்றில் 33 பேருக்கு நோய் வரும்" என்று கூறுவோர் உண்டு. அது தவறு. கணக்கை விரித்துப் பார்ப்போம். சுமார் 28,000 பேர் சோதனைக்கு முன்வந்தனர். பாதிப்பேருக்கு மருந்தும், பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்றுத் திரவமும் அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பது எவருக்கும் தெரியாது. அவர்களில் 81 பேருக்கு நோய்க்குறி தோன்றிய கொரோனா உறுதியான நிலையில் கணக்கெடுத்தார்கள். வெற்றுத் திரவம் பெற்றவர்கள் 61 பேர், மருந்து பெற்றவர்கள் 20 பேர். அதாவது மூவருக்கு வரக்கூடிய இடத்தில் ஒருவருக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு தடுக்கப்பட்டது என்பதே 66.6 சதவீதத்தின் பொருள். லாபப் பங்கீட்டு விகிதத்தை எவ்வாறு எதன்மேல் கணக்கிட்டார்கள் என்று கேட்கிறோமோ, அவ்வாறே இந்த விகிதத்தையும் எதன்மேல் என்று கேட்டுப் பழகவேண்டும்.

சோதனையின் மதிப்பு

சோதனை எப்போதும் மருந்துக்குச் சாதகமாகவே முடியும் என்று எண்ண வேண்டா. நம் அருகிலேயே சான்று இருக்கிறது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிச் சுமார் 2,60,000 மக்களிடம் பி.சி.ஜி. மருந்து சோதிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. 15 ஆண்டு தொடர்ந்து கவனித்த விவரம் 1999-இல் வெளியாயிற்று. பலர் விரும்பாத அம்முடிவை ஆராய்ச்சியாளர்கள் மறைக்காமல் உலகுக்கு அறிவித்தார்கள். சிறு குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளைத் தடுப்பதால் பி.சி.ஜி. இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடப்படுகிறது. எந்த மருந்து யாருக்கு, எதற்கு, எவ்வளவு பயன்படும் என்பதைக் கணக்கே சொல்லவேண்டும். நம்பிக்கையும் வதந்தியும் அதைச் சொல்ல இயலா.

குறைகள்

குறைகளையும் கூறாமல் விடுவது தணிக்கைக் குறிப்பில் நஷ்டத்தை மறைப்பது போன்றதாகும். மரபணுத் தடுப்பு மருந்துக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல், கைவலி, அசதி ஆகியவை பலருக்கு நேர்ந்தன. தூது ஆர்.என்.ஏ. மருந்தைப் பெற்ற இளைஞர்களில், லட்சத்தில் சிலருக்கு இதயத் தசையில் அழற்சி உண்டாயிற்று. கோவிஷீல்டு வகை மருந்தில் மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறையும் கேடு ஏற்பட்டது. அவர்களில் சிலர் உயிரிழந்தனர். எண்ணிக்கை சிறிது என்பது அக்குடும்பங்களுக்கு ஆறுதலாகாது. கேடு நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்வதும், அதை அரசாங்கச் சுகாதார அதிகாரியிடம் பதிவு செய்விப்பதும் அவசியம். பதிவான குறையைத்தான் ஆராய இயலும். மேலும் இம்மருந்துகளின் காப்பு காலப்போக்கில் குறைந்தது. கிருமியின் முள் உருமாறியபோது தொற்றைத் தடுக்கும் ஆற்றல் தளர்ந்தது. கடும் நோயையும் மரணத்தையும் குறைப்பதில் மட்டும் அவற்றின் பயன் பெரிதும் நின்றது.

அந்தப் பயன் சிறிதன்று. 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து தியாகராய நகர்க் கடைவீதிகள் மூடிக்கிடந்தபோது, பல தறிகள் ஓசையின்றி நின்றதையும், காய்கறி கொண்டு வந்தோர் விற்க வழியின்றித் தவித்ததையும் நாம் மறந்துவிடவில்லை. 2021 மே, ஜூன் மாதங்களில் அரசாங்கம் அறிவித்த 4,000 ரூபாய் நிவாரணத்தைக் கூட்டுறவு நியாயவிலைக் கடை ஊழியர்கள் நோய்க்கு நடுவே நின்று வழங்கினார்கள். நோய் என்பது உடலை மட்டும் தாக்குவதன்று. தறியையும் வயலையும் சேர்த்தே தாக்குகிறது.

வருங்காலமும் சங்கத்தின் கடமையும்

இம்முறையின் சிறப்பு வேகம். அட்டையை மாற்றினால் அதே தறி வேறு புட்டாவை நெய்வதுபோல், குறிப்பை மாற்றினால் வேறு நோய்க்கு மருந்து கிடைக்கக்கூடும். காசநோய்க்கும் சில புற்றுநோய்களுக்கும் இவ்வகை மருந்துகள் மனிதரிடம் சோதிக்கப்படுகின்றன. அடையாற்றில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையின் வாயிலில் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தவர்கள், இந்த ஆராய்ச்சி வெற்றி பெறவேண்டும் என்றே விரும்புவார்கள். ஆயினும் சோதனை முடியாத மருந்தைக் கைகண்ட மருந்து என்று எவர் விற்க வந்தாலும் அங்கத்தினர்கள் ஏமாறலாகாது.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் தன் பொதுக்கூட்டத்திற்கு ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரை அழைத்து, அங்கத்தினர்கள் தயக்கமின்றிக் கேள்வி கேட்க இடமளிக்கவேண்டும். பெண் அங்கத்தினர்களும் அதில் கலந்துகொள்ளுதல் நலம். வீட்டில் குழந்தையின் ஊசி அட்டையை வைத்துக் காப்பவர்கள் அவர்களே. அட்டையில் விட்டுப்போன தவணை இருந்தால் அன்றே குறித்துக்கொள்ளலாம். பங்குத் தொகையில் பாக்கி வைத்தால் தாக்கீது அனுப்புகிறோம். குழந்தையின் ஊசியில் உள்ள பாக்கியையும் அத்தகைய அக்கறையுடன் கவனிப்பது சங்கத்திற்குப் பெருமை தரும்.

மயிலாப்பூரில் நம்மைக் கேட்ட பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையுடன் கேட்டார். "அப்படியானால் தட்டம்மை ஊசி இந்த வகையே இல்லையா?" என்று மறுபடியும் ஒருமுறை உறுதி செய்துகொண்டார். புதன்கிழமைதோறும் சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுவதை நினைவூட்டினோம். வருகிற புதன்கிழமை தாமே பேரக்குழந்தையை எடுத்துச் செல்வதாகக் கூறி விடைபெற்றார்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டும் எவ்வகையில் வேறுபடுகின்றன? நீங்கள் பெற்றது எது?

2. தூது ஆர்.என்.ஏ. மருந்து நம் மூல வரைபடத்தை ஏன் மாற்றுவதில்லை? தறியை உதாரணமாகக் கொண்டு விளக்குக.

3. மருந்து பெற்றவர்களில் 20 பேருக்கும், பெறாதவர்களில் 61 பேருக்கும் நோய் வந்தது. இருபுறமும் ஆட்கள் ஏறக்குறையச் சமம். மருந்தின் பயனைக் கணக்கிடுக.

4. உங்கள் சங்கத்து அங்கத்தினர் வீடுகளில் ஊசித் தவணை விட்டுப்போன குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களுக்கு அடுத்த புதன்கிழமைக்குள் என்ன செய்யலாம்?